எழுபத்திரண்டு கிலோ

சிவப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறி நின்றார் ரொட்டி வண்டிக்காரர். பெட்டியை நேராக மெஷினில் வைத்தால் எண் அடியில் மறைந்துவிடும். அதனால் அவர் தூக்கிக்கொண்டு நிற்பது, மகள் குனிந்து எண்ணைப் படிப்பது, அவருடைய எடையை மனைவி கழிப்பது என்று வேலையைப் பிரித்திருந்தார்கள்.

"நூத்தி மூணு," என்றாள் மகள்.

"அப்பா எழுபத்திரண்டு. போக முப்பத்தொண்ணு. ஐயோ, எட்டு கிலோ கூட! இறக்குங்க!"

நீலப் பெட்டிக்குத் தொண்ணூற்றொன்பது வந்தது. அதுவும் நாலு கிலோ கூடுதல்.

நாளைக்கு விமானம். ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. புறப்படுகிறவள் அவருடைய மனைவி. அந்தத் தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவை மனப்பாடமாக வைத்திருக்கும் தையல்காரி. கடல் கடந்த ஊரில் அவள் தங்கை தையல் கடை திறக்கிறாள். "மெஷினோட வந்தா நீ கூட்டாளி, வெறுங்கையோட வந்தா விருந்தாளி," என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். தடித்த துணி தைக்கிற மெஷின் அங்கே வாங்கி மாளாதாம். ஆகவே பலகையை விட்டுவிட்டு, பன்னிரண்டு கிலோ இரும்பை மட்டும் கழற்றிப் போர்வையில் சுற்றிச் சிவப்புப் பெட்டியில் வைத்திருந்தாள். தங்கையிடம் கைகட்டி நிற்காமல் சரிசமமாக உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

"செருப்பு ரெண்டையும் நீலத்துக்கு மாத்து. அந்தக் கத்தரிக்கோல் பையையும் மாத்து," என்றாள்.

மாற்றினார்கள். மறுபடி ஏறினார். சிவப்பு நூற்றொன்று. நீலம் நூற்றொன்று.

"ரெண்டும் இருபத்தொம்போது. இதென்னடி கூத்து! இங்க எடுத்தா அங்க ஏறுது. ரெண்டுலயும் ஆறு கூடவே நிக்குதே."

அந்த ஆறு எங்கே இருக்கிறது என்று ரொட்டி வண்டிக்காரருக்கு மட்டும் தெரியும். அது பெட்டியில் இல்லை. அவருடைய சட்டைக்குள் இருந்தது.

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து, ஞாயிறுதோறும் குளியலறைக்குள்ளிருந்து அவர் எடையை அறிவிப்பது அந்த வீட்டு வழக்கம். முதலில் கொஞ்சம் குறைந்தது நிஜம். மனைவி பூரித்துப் போனாள். அந்தப் பூரிப்பைப் பார்த்தபின் கூடிவிட்டது என்று சொல்ல எந்த மனுஷனுக்கு வாய் வரும்? கடைகளில் விற்காத கிரீம் பன்கள் அவர் வண்டியில்தான் திரும்பி வரும். வண்டிக்குள் அவரும் பன்னும் தனியாக. எடை ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, அறிவிப்பு மட்டும் இறங்கி இறங்கி எழுபத்திரண்டில் வந்து நின்றது.

"இன்னொரு தடவை பாப்போம்," என்று நீலப் பெட்டியோடு ஏறினார். இந்த முறை யாருக்கும் தெரியாமல் முழங்கையைச் சுவரில் ஊன்றினார்.

"தொண்ணூத்தஞ்சு! அம்மா, சரியாயிடுச்சு!"

உள்ளபடிக்கு அதுதான் நியாயமான கணக்கு. பொய்யைச் சுவரில் சாய்த்து உண்மையை வரவழைத்துவிட்டார். ஆனால் துணி ஒரு நூல் கோணினாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு.

"செவுத்த விடுங்க."

"விட்டுட்டேன்."

"கைய விடுங்கன்னேன். அங்க ஏர்போர்ட்டுல செவுரு கூடவே வருமா?"

விட்டார். நூற்றொன்று.

அவள் சிவப்புப் பெட்டியைத் திறந்தாள். போர்வையோடு மெஷினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பால் ஊசி இறங்குகிற இடத்தைத் துடைத்தாள்.

"பன்னெண்டு கிலோ கூட. இது பன்னெண்டு. கணக்கு சரியாப் போச்சு," என்றாள். "போறேன். அவ தைக்கட்டும். பட்டன் வெச்சு, காஜா எடுத்துக் குடுத்துட்டு ஒரு ஓரமா உக்காந்துக்கறேன்."

ரொட்டி வண்டிக்காரர் நீலப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார். அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'ஓரமா' அவரை என்னவோ செய்தது.

"மெஷின உள்ள வை," என்றார்.

"வெச்சா?"

"நான் எழுபத்திரண்டு இல்ல."

அம்மாவும் மகளும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். அவர் பெட்டியில்லாமல் வெறுங்கையோடு எடை மெஷினில் ஏறினார். தூக்குமேடையில்கூட மனிதர்கள் இன்னும் தெம்பாக ஏறியிருப்பார்கள்.

"எழுபத்தெட்டு!" மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, ரெண்டு கைக்குழந்தைய இடுப்புல கட்டிட்டுத் திரியறீங்களா?"

தையல்காரி திட்டவில்லை. விரல் மடக்கினாள். இருபத்தொன்பதில் ஆறு போனால் இருபத்து மூன்று. மற்றப் பெட்டியும் இருபத்து மூன்று. முகம் மலர்ந்து மெஷினைப் பெட்டிக்குள் இறக்கியவள், பாதியில் நின்றாள்.

"இருங்க. உங்க பேண்ட்டெல்லாம் நான் தைச்சது. எழுபத்திரண்டு கிலோவுக்கு இடுப்பச் சுருக்கிப் பிடிச்சது. எழுபத்தெட்டு எப்படி உள்ள போகுது?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஓரடி பின்னால் போனார். அவள் ஓரடி முன்னால் வந்து இடுப்புப் பட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"பேண்ட் நீலம். நூல் கறுப்பு. எவன் பிரிச்சு விட்டது?"

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி... ஒரு கடை..."

"பன் தின்னீங்க, போனாப் போகுது. பொய் சொன்னீங்க, அதுவும் போகட்டும். தையக்காரிய வீட்டுல வெச்சுக்கிட்டு வேற கடைக்குப் போனீங்களா?"

"நல்லாத் தைக்கல," என்றார் அவசரமாக. "உக்காந்தா உறுத்துது."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையில் முகத்தைப் புதைத்தாள். தையல்காரி பெட்டியை மூடிப் பார்த்தாள். போர்வையும் இரும்புமாகப் புடைத்துக்கொண்டு ஜிப் வர மறுத்தது.

"வந்து மேல உக்காருங்க. அந்த ஆறு கிலோ இதுக்காவது உதவட்டும்."

உட்கார்ந்தார். மகள் ஜிப்பை இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அது நகர்ந்தது. அவர் எழுந்திருக்கப் போனபோது, தோளைப் பிடித்து அழுத்திவிட்டு மனைவி அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

"இது எதுக்கு?" என்றார்.

"புதுக்கடையில முதல் உருப்படி உங்க பேண்ட்டுதான். தைச்சு அனுப்பறேன். கையத் தூக்குங்க."

நாடா இடுப்பைச் சுற்றி வந்தது. அவர் பழக்கதோஷத்தில் வயிற்றை எக்கினார்.

"மூச்ச விடுங்க," என்றாள் அவள்.

"விட்டுட்டேன்."

"இன்னும் விடுங்க. எனக்கு நிஜ அளவு வேணும்."

விட்டார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு, முழுசாக.