எவாரிஸ்தோவுக்கு ஒரு நாள்

ஹவானா நாடகக் கொட்டகையில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் வருஷத்தில் ஒரு நாள் உண்டு. அன்றைக்குச் சுவரொட்டியில் அவர் பெயர்தான் பெரிசு. வாசலில் நின்று சனங்களை வரவேற்பதும் அவரே. குதிரைமேல் குட்டிக்கரணம் போடுகிறவனுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்துவிட்டது. எவாரிஸ்தோவுக்கு மட்டும் நான்கு வருஷமாக இல்லை.

கயிற்றின்மேல் ஆடுகையில் விழுந்து முழங்கால் போன பிறகு அவன் மரச் சிப்பாய்ப் பொம்மையாக வேஷம் கட்டினான். பாரீஸிலிருந்து வந்த இயந்திரம் என்று முதலாளி தோன் பால்தசார் ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தார். அவர் பொம்மையின் முதுகில் சாவி கொடுப்பார். எவாரிஸ்தோ சட்டைக்குள் ஒரு கிலுகிலுப்பையைச் சுழற்றிக் கரகரவென்று இயந்திரச் சத்தம் எழுப்பியபடி சல்யூட் அடிப்பான், ரம் குடிப்பான், தொப்பென்று விழுவான். அவன் நொண்டுவதைப் பார்த்துத்தான் சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவிகள்!

"இந்த வருஷமாவது என் பேரைப் போடுங்க, முதலாளி."

"போட்டா உள்ள ஆள் இருக்கிறது தெரிஞ்சிடாதா? பொம்மைக்குன்னு ஒரு நாள் வெச்சிருக்கேன், போ."

"பொம்மைக்கா? விழுறது நான்ல?"

"விழு. வேற என்ன வரும் உனக்கு?"

அந்த நாளும் வந்தது. கொட்டகையில் உடை தைக்கும் அவன் மனைவி தொமாசா முகமூடியைப் பசை போட்டு ஒட்டினாள்.

"ஏதாவது கோணங்கித்தனம் பண்ணி இருக்கிற பொழப்பையும் கெடுத்துராதய்யா" என்றாள்.

வாசலில் முதலாளியே நின்று எல்லோரையும் வரவேற்றார். எவாரிஸ்தோ அதைத் திரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடையில் மூன்றாம் முறை விழுந்து எழுந்தவன் கிலுகிலுப்பையை வீசி எறிந்தான். முகமூடியைப் பிய்க்கப் பார்த்தான், பசை விடவில்லை.

"நான் பொம்மை இல்ல! என் பேரு எவாரிஸ்தோ! கயித்து மேல ஆடுன எவாரிஸ்தோ!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

முதலாளியின் முகம் வெளுத்தது.

மாடத்தில் இருந்த ஒரு சீமாட்டி கைதட்டினாள். "அடேயப்பா, பேசுது பாருங்க! கோபம்கூட வருது!"

கூரை பிய்ந்துபோகும் அளவுக்குச் சிரிப்பு. அவன் தேம்பினான். அழக்கூடத் தெரிகிறதே என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். முதலாளி சுதாரித்துக்கொண்டு ஓடி வந்து, சாவியை எதிர்ப்பக்கம் திருகிவிட்டுச் சபையை வணங்கினார்.

மறுநாள் காலை தெருவெங்கும் புதிய சுவரொட்டி. 'பேசும் பொம்மை எவாரிஸ்தோ' என்று முழ நீளத்துக்கு அச்சடித்திருந்தது.

தொமாசாவுக்கு எழுத்துத் தெரியாது. எவாரிஸ்தோ தன் பேர் இருந்த இடத்தை மட்டும் தொட்டுக் காட்டினான். "உன் பேரா அது? கடைசில போட்டுட்டாரே மனுஷன்!" என்று பூரித்துப்போனாள்.

முழுவதும் படித்துக் காட்ட எவாரிஸ்தோவுக்கு மனசு வரவில்லை.