ஹார்லனின் கடைசிப் பீப்பாய்

ஹார்லன் செத்து நாலு நாள் ஆகிறது. அவன் கடைசியாகக் காய்ச்சிய பீர், நிலவறை ஃப்ரிட்ஜில் எஃகுப் பீப்பாய்க்குள் சில்லென்று கிடந்தது. புளித்துத் தெளிந்துவிட்டது, பொங்கவைக்கும் காஸ் மட்டும் ஏற்றவில்லை. எங்கள் மில்வாக்கி ஊரில் பீர் இல்லாமல் யாரையும் வழியனுப்புவதில்லை. இன்று மூன்று மணிக்கு நண்பர்கள் கூடும்போது இதைத்தான் ஊற்ற வேண்டும் என்று அவன் மனைவி இர்மா, அவனைப் போலவே வீட்டில் பீர் காய்ச்சும் நண்பனான என்னிடம் சொல்லிவிட்டாள்.

காஸ் நிதானமாக ஏற ஒரு வாரமாவது பிடிக்கும். என் கையில் இருந்தது ஆறு மணி நேரம்.

குறுக்குவழி உண்டு. காஸ் உருளையின் அழுத்தத்தைக் கூட்டிவைத்து, பீப்பாயை மடியில் கிடத்தி ஆட்ட வேண்டும். அளவு தப்பினால் வெறும் நுரைதான் வரும். ஹார்லன் அதைச் செய்ததே இல்லை. நான் செய்வதைப் பார்த்தால், "நார்பர்ட், உனக்கெல்லாம் பீர் எதுக்குடா? சோடா வாங்கிக் குடி" என்பான். என் அவசரத்தில் பாழான பீர் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதெல்லாம் என்னுடையது, மறுபடி காய்ச்சிக்கொண்டேன். இது போனால் போனதுதான்.

ஐந்து நிமிடம் ஆட்டி, ஓய்வில் வைத்தேன். மதியம் ருசி பார்த்தால் நாக்கில் சுருக்கென்று ஒன்றுமே இல்லை.

"ஆச்சா?" படியில் நின்று இர்மா கேட்டாள்.

"ஆகிட்டே இருக்கு."

"காலைலேர்ந்து இதையேதான் சொல்ற."

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? இன்னும் பத்து நிமிடம் ஆட்டினேன். இரண்டரைக்குப் பயம் பிடித்து மறுபடியும் ஆட்டினேன்.

மூன்று மணிக்கு முப்பது பேர் கோப்பையோடு நின்றார்கள். குழாயைத் திறந்தேன். நுரை. அடுத்த கோப்பையிலும் நுரை. அழுத்தத்தை இறக்கிப் பார்த்தேன், அப்போதும் நுரை.

"என்னப்பா, சோப்புத் தண்ணியா ஊத்துற?" என்றான் ஹார்லனின் தம்பி க்ளீட்டஸ். யாரும் சிரிக்கவில்லை.

"மன்னிச்சிடு இர்மா. கெடுத்துட்டேன்."

அவள் ஒரு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். நுரை அடங்கி, கோப்பையின் அடியில் இரண்டு விரல் பீர் தேங்கியது. அதைக் குடித்தாள்.

"காஸே இல்ல" என்றாள். நுரையோடு எல்லாம் போயிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு தடவையும் காஸ் ஏத்துறதுக்கு முன்னாடி மொதல் வாய் எனக்குத்தான். ஒரு கிளாஸ்ல எடுத்துக்கிட்டு படியேறி வருவான். எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு பக்கத்துலயே நிப்பான். இருபத்தாறு வருஷம். இந்தத் தடவ மட்டும்தான் வரல."

கோப்பையை என்னிடம் நீட்டினாள். நான் மறுபடி ஊற்றினேன். நுரை அடங்கும்வரை எல்லோரும் அவளோடு காத்திருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு, ஹார்லன்" என்றாள்.