ஒரே பானை

1

இந்தக் கதையை ஒரு சாவு வீட்டில் எடுத்தேன். எடுத்தேன் என்ன, திருடினேன். வரதராசன்பேட்டையில் ஒரு துக்கத்துக்குப் போனபோது பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: "நாப்பத்தி மூணுல, பாலர் வகுப்புல எல்லாரும் ஒரே பானையிலதான் தண்ணி குடிச்சோம். வாந்திபேதில ஏழு பேரு போயிட்டாங்க. நான் நின்னுட்டேன்." அதற்குள் காப்பி வந்துவிட்டது. அதோடு சரி. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'அரியலூர்ச் சீமையின் செம்மண் புழுதியில் அன்று காலைச் சூரியன்...'

சூரியன் எல்லா ஊரிலும்தான் உதிக்கிறது. போகட்டும்.

இரண்டாம் தொடக்கம்: மரிய புஷ்பம் டீச்சர்தான் அந்தப் பாலர் வகுப்பை நடத்தினாள். நாற்பது பிள்ளைகள், எல்லாம் ஐந்து வயதுக்குள். மாதா கோயிலிலேயே மேலத்தெரு ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று முழந்தாளிட்ட ஊரில், அவள் வகுப்பில் ஒரே பாய் விரித்தாள், ஒரே பானை வைத்தாள். ("ஆனா ஆவன்னா அப்புறம் வரட்டும், முதலில் ஒரே குவளையில் குடிக்கப் பழகட்டும்" என்று அவள் சொன்னதாக எழுதினேன். அப்படியெல்லாம் யார் பேசுகிறார்கள்? அடித்துவிட்டேன்.)

3

ஐப்பசி அடைமழையில் வாந்திபேதி வந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். டீச்சரும் கேட்டாள். விறகெல்லாம் நனைந்து, கஞ்சி காய்ச்சவே பற்றவில்லை. இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டாள். அந்த இரண்டு நாளில்...

[இங்கே ஏழு பெயர்கள் வர வேண்டும். ஒன்றுக்கு மேல் எழுதக் கை வரவில்லை. செல்லக்கண்ணு, நாலு வயது. வகுப்புப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிய சேரிப் பெண் பூமாலையின் மகன்.]

4

மேலத்தெரு ஞானமுத்து, மகளைப் புதைத்த கையோடு வந்தார். "அப்பவே தலப்பாடா அடிச்சிக்கிட்டோம், கேட்டீங்களா? சேரிப் புள்ளைங்க கைவச்ச தண்ணி எம்பொண்ண வாங்கிருச்சு."

நோய் முதலில் கண்டதே அவர் மகளுக்குத்தான் என்று ஒரு வரி எழுதினேன். யாருக்கு முதலில் என்று நாற்காலிக்காரருக்கே தெரியாது. நமக்கு வேண்டியதை எழுதிவைத்தால் அது கதையா, வக்காலத்தா? அதையும் அடித்தேன்.

உண்மையில் இந்தக் கதையே எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றாக உட்கார வைத்தால் இதுதான் கதி என்று சொல்ல எவனாவது காத்திருப்பான். கொன்றது காய்ச்சாத தண்ணீர். காய்ச்சாதவள் டீச்சர். இதற்கு மேல் அவளுக்காக என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

5

மூடிக் கிடந்த வகுப்பை மார்கழியில் மறுபடி திறக்கச் சொன்னார்கள். முதல் நாள் விடிந்ததும் பூமாலை வந்தாள். நான் அவளைச் சண்டை போடத்தான் அனுப்பினேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

"எங்க புள்ளைங்களுக்குத் தனிப் பானை வச்சிருங்க டீச்சர்."

"தப்பு எம்மேல பூமாலை. காய்ச்சாம வச்சது நான்தான். பானை என்ன செஞ்சுது?"

"இருக்கட்டுங்க. இன்னொரு புள்ள போச்சுன்னா எங்க தெருவத்தான் கொளுத்துவாங்க. பெரியவன் போயிட்டான். சின்னது ஒண்ணு இருக்கு எனக்கு."

டீச்சர் அழுதாள். பூமாலை அழவில்லை, அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒரு பானை வைக்கிறாள். மேலத்தெரு பிள்ளைகளை அனுப்பவில்லை. சேரிக்கு அடி விழுகிறது. வகுப்பு மூடப்படுகிறது.

இரண்டு பானை வைக்கிறாள். பிள்ளைகள் பிழைத்து வளர்ந்து, சாகும்வரை அவரவர் பானையிலேயே குடிக்கிறார்கள்.

எனக்கு ஒரு பானைதான் பிடித்திருக்கிறது. பிடிக்காமல் என்ன, செத்தது என் பிள்ளையா?

தண்ணீர் கொதித்து ஆறிவிட்டது. மணி ஒன்பது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், தாகம் என்கிறார்கள். எதில் ஊற்றட்டும் என்று டீச்சர் என்னைக் கேட்கிறாள். என்னால் ஆகாது. நீங்கள் சொல்லுங்கள்.