சுவர் பக்கம் திரும்பிய நாற்காலி

"எங்கப்பாவுக்குக் காது கேக்காது. ஆனா ஒரு சுடுசொல் அவர் மேல படாம வச்சுப் பாத்துக்கிட்டோம்."

தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று அப்பா இப்படிச் சொன்னதும், அடுக்களை வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. டீ ஆறிப்போயிருந்தது. கவிழ்த்தும் பிரயோசனமில்லை.

தாத்தா துணி ஆலையில் காலமெல்லாம் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை நினைத்து ஆளுக்கு நாலு வார்த்தை பேசுவதற்காகத்தான் கூடம் நிறைய நாற்காலி போட்டிருந்தார்கள். உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஆலையின் பழைய மேஸ்திரி. ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு, தாத்தாவோடு ஆலையில் ஒரே தறிக்கூடத்தில் தறி ஓட்டிய கிழவி. அவளை எல்லோரும் தறியக்கா என்றார்கள்.

தறிக்கூடத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை தறிகளும் ஒரே கூரைக்குக் கீழே அடிக்கும்போது, பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் நன்றாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் படித்துக்கொள்வார். வம்பு, வசவு, கல்யாணப் பேச்சு எல்லாம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தமில்லாமல் போய்வரும். தாத்தாவுக்குக் காது போனது அங்கேதான். கண் கூர்மையானதும் அங்கேதான்.

பேத்திக்குக் காது நன்றாகக் கேட்கும். குரல்தான் வராது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொன்ன ஆசிரியை, வாசிக்கிற வரைக்கும் நில் என்றார். நின்றாள். தினமும் நின்றாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டாள். வீட்டில் அவளுக்கு ஊமைச்சி என்று பெயர் விழுந்தது.

தாத்தா மட்டும் அவளை வாயாடி என்பார். அவரிடம் பேசத் தொண்டை வேண்டாம், உதடு போதும். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பொழிந்து தள்ளுவாள். அவருக்கோ மெல்லப் பேசவே வராது. அவர் ஒரு ரகசியம் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும். அதனால் ரகசியமெல்லாம் அவள் பங்கு. அவர் தலையை ஆட்டுவதோடு சரி. "கிழவனும் ஊமையும் சாடை பேசுறாங்க" என்று அம்மா சிரிப்பாள். அது சாடை இல்லை என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

உறைத்திருந்தால் வாயைக் கட்டியிருப்பார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்க மட்டும் அவர் காதருகே வந்து கத்துவார்கள். மற்றதெல்லாம் அவருக்கு எதிரிலேயே நடக்கும்.

"கொஞ்ச நாள் நீ கூட்டிட்டுப் போயேன்" என்பார் அப்பா.

"என் வீட்ல ஆணி அடிக்க இடமில்ல, இவரை எங்கே வைக்கிறது? அண்ணிக்கு மட்டும் என்ன கை ஒடிஞ்சா போச்சு?" என்பாள் அத்தை.

"எனக்கு ஒடிஞ்சு ரொம்ப நாளாச்சு. இந்தச் சனியன் எப்பதான் கண்ணை மூடுமோ" என்பாள் அம்மா.

அத்தை ஒரு தந்திரம் வைத்திருந்தாள். என்ன சொன்னாலும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஏதோ நல்ல பேச்சு என்று கிழவர் நினைத்துக்கொள்வார். தாத்தாவும் பதிலுக்குச் சிரிப்பார். பிறகு எழுந்து நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"சுவத்துல என்ன படமா ஓடுது? மூளை கழண்டு போச்சு" என்பாள் அம்மா.

பேத்தி கொதிப்பாள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தாத்தா அவளிடம், "பேசிட்டுப் போகட்டும் விடு வாயாடி. அவங்க வாய்க்கும் ஒரு வேலை வேணுமில்ல" என்பார். அவருக்கு மனசு பெரிசு. அவளுக்கு இல்லை. அவர் ஒன்றும் அறியாமல் செத்தார் என்று இந்தக் கூடம் நம்பிவிட்டால், இவர்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். அது மட்டும் நடக்கக் கூடாது. ஆனால் யார் சொல்வது? சொல்ல வேண்டியவளுக்குத்தான் குரல் இல்லையே.

அப்பா பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. அடுத்து அத்தை எழுந்து, தாத்தாவைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்கியதைச் சொன்னாள். பிறகு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கிசுகிசுத்த எதற்கோ கடைசி வரிசையைப் பார்த்துச் சிரித்தபடி பதில் முணுமுணுத்தாள்.

மேஸ்திரியும் சிரித்தார். கூடமே அதிர, "ரெண்டு பிஸ்கட்டுதாம்மா எடுத்தேன். ஆலைக்காரப் பசின்னு சொல்ற அளவுக்கு இல்ல" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

"நான் அப்படி எதுவும்..."

"சொன்னியேம்மா. 'இதுங்க எப்ப இடத்தைக் காலி பண்ணும்'னு உங்க அண்ணி கேட்டாங்க, அதுக்கு நீ சொன்னே. எனக்குக் காதுதான் போச்சு."

ஜன்னலோரம் இருந்த தறியக்கா தொடையில் தட்டிச் சிரித்தாள்.

மேஸ்திரி எழுந்து நின்றார். "நானும் நாலு வார்த்தை சொல்லிடறேன். இவங்கப்பன் மாதிரி உதடு படிக்கிறவன் எங்க ஆலையில கிடையாது. மேலாளர் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து, எவனை வேலையை விட்டுத் தூக்கலாம்னு பேசுவாரு. வெளியில தறிகிட்ட நின்னுக்கிட்டே இவன் படிச்சு எங்களுக்குச் சொல்லிடுவான். அந்தாளு கதவைத் திறந்து வெளிய வரும்போது நாங்க எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு வாசல்ல நிப்போம். கடைசியில கண்ணாடிக்குத் திரை போட்டாங்க. அந்தத் திரைத் துணியும் இவன் ஓட்டுன தறியில நெய்ததுதான்."

கூடம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் முகம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. எந்தெந்த நாளில் என்னென்ன பேசினோம் என்று யோசிக்கிறார் போலிருந்தது.

அத்தைதான் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் அந்தக் காலம். வயசாகி எல்லாம் மறந்து போச்சு. கடைசியில அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. பச்சைக் குழந்தை மாதிரி போனார்."

"ஆமா. எங்க பொண்ணையே கேளுங்க, அவதான் கூடவே இருந்தா" என்றார் அப்பா. பிறகு மகளைப் பார்த்து, "சொல்லும்மா. தாத்தாவுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார். குரலில் தேன் ஒழுகியது. கண் மட்டும் மிரட்டியது. எப்படியும் இவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்ற தைரியம் அவருக்கு.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"பேசினா முத்து உதிர்ந்துடும்" என்றாள் அத்தை. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

அவள் அப்பாவைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேஸ்திரியைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள்.

"தாத்தாவுக்கு எல்லாம் தெரியும்" என்றார் மேஸ்திரி, தெருக்கோடி வரை கேட்கிற குரலில். "நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினது மூளை கழண்டு இல்ல. உங்க வாயைப் பாக்கக் கூடாதுன்னு."

"என்ன உளர்றீங்க?" என்றாள் அம்மா.

"நான் எங்கம்மா உளர்றேன்? உங்க பொண்ணு பேசுது. அத்தை அவரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, 'இந்தப் பாரத்தை நான் ஏன் சுமக்கணும்'னு சொல்லுவாங்க. அவரும் சிரிப்பாரு. அப்புறம்தான் திரும்பிப்பாரு."

அப்பா பாய்ந்து வந்து மகளுக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நின்றார். மேஸ்திரி கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். பெண் நிறுத்தவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

விட்ட இடத்தில் தறியக்கா பிடித்துக்கொண்டாள். அவள் குரல் மேஸ்திரியுடையதைவிடப் பெரிசு. "படுத்த படுக்கையான பிறகு நாற்காலி கிடையாது. புரண்டு படுக்கவும் முடியாது. நீங்க கட்டிலைச் சுத்தி நின்னு பேசும்போது கண்ணை இறுக்க மூடிக்குவாரு. தூங்குறார்னு நினைச்சு இன்னும் பேசுவீங்க. அவர் தூங்கல. அம்மா அவரைச் சனி..."

அப்பாவின் உள்ளங்கை மகளின் வாயைப் பொத்தியது.

பேச வராத பெண் என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்த மகளின் வாயை, அத்தனை பேர் முன்னிலையிலும் அழுத்திப் பொத்திக்கொண்டு நின்றார் அவர். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியச் சற்று நேரமாயிற்று. பிறகுதான் கையை எடுத்தார்.

"மிச்சத்தையும் சொல்லிடவா?" என்று கேட்டாள் தறியக்கா.

"வேணாம்க்கா, எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு" என்றார் மேஸ்திரி.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வீட்டுக்காரர்களிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. மேஸ்திரியும் தறியக்காவும் மட்டும் அடுக்களை வாசல் வரை வந்து, அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தினதும் உள்ளே வெடித்தது. சனியன் என்று சொன்னது யார், பாரம் என்று சொன்னது யார், முதலில் ஆரம்பித்தது யார். அத்தை அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "உங்க ஊமைப் பாம்பை நீங்களே வளர்த்துக்கோங்க" என்று வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். பேத்தியின் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா அவளுக்குச் சோற்றைத் தட்டில் எறிந்தாற்போல் போட்டாள். அடிக்கவில்லை. அடிப்பாள் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் அவளைப் பற்றி ஏதாவது பேசுவதென்றால் முதுகைத் திருப்பிக்கொள்கிறார்கள். தூரத்தில் நின்றால் வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தாலே போதும், பாதிப் பேச்சை விழுங்கிவிடுகிறார்கள்.

உதடு படிக்கிறதெல்லாம் தாத்தாவோடு சரி. அவள் பேச மட்டும்தான் செய்தாள். அடுத்தவர் உதட்டைப் பார்த்து ஒரு எழுத்துகூடச் சொல்ல அவளுக்கு வராது. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? வேலை இல்லாத நேரங்களில் கூடத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாவின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.