மற்றவர்களுக்குக் கேட்காத குரல்

லீலா ஆரணிக்கு வந்தது ஒரு கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்க. மனக்கஷ்டம் உள்ளவர்கள் தங்கள் நிலையைத் தாங்களே நிரப்பித் தரும்படி வேலூரில் ஓர் ஆய்வுக் குழுவினர் தமிழில் அதைத் தயாரித்திருந்தார்கள். அந்தப் பதில்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிய வேண்டும். அதனால் ஒருவர் தாளைக் கொடுத்த சில நாளில், அவர் என்ன எழுதினார் என்று பார்க்காமலேயே லீலா வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசுவாள். அவள் கண்டதும் தாள் சொன்னதும் ஒத்துப்போனால் தாள் தேறியது என்று பொருள்.

அப்படித்தான் ஒரு பிற்பகலில் தருமன் வீட்டுக்குப் போனாள். பட்டு நெய்கிறவர், நாற்பதைத் தாண்டியவர். பாதி நெய்த சேலையோடு தறி ஒரு பழைய போர்வைக்குள் மூடிக் கிடந்தது.

"தூக்கம் வருதுங்களா?"

"வருதுங்க மேடம்."

"சாப்பாடு?"

"அதெல்லாம் ஒரு பேஜாரும் இல்லீங்க."

அவருடைய கண்கள் உள்வாங்கியிருந்தன. லீலா அதைக் குறித்துக்கொண்டிருந்தபோது சமையற்கட்டிலிருந்து, கொஞ்சம் கம்மிய பெண்குரல் கேட்டது.

"டீ போடட்டுமா?"

"வேணாங்க, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்று தலை நிமிராமலே சொல்லிவிட்டு, லீலா அடுத்த கேள்வியைக் கேட்டாள். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். தருமன் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருக்கு மேடம் பதில் சொன்னீங்க?"

"உள்ள உங்க வீட்டம்மா…"

"புஷ்பலதா செத்து வருசம் ஆவப்போவுதுங்க. செய்யாறு கம்பெனியில வேலை. ஷிப்டு முடிஞ்சி வரச்சொல்ல பஸ்சுலயே நெஞ்சுவலி வந்து போய்ட்டா."

லீலா எழுந்து உள்ளே போனாள். அடுப்பு குளிர்ந்திருந்தது. கொல்லைக்கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சாக இருக்கலாம் என்று வாசலுக்கு வந்தால், பக்கத்து வீட்டில் இருக்கும் தருமனின் அக்கா செல்லியம்மாள் அங்கேதான் முந்தானையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"எனக்கும் கேக்கும்மா" என்றாள் அவள். "பயந்துகினு யாரும் வாயத் தொறக்கறதில்ல."

லீலா திரும்பி வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, அந்தத் தாள்லயே குரல் கேக்குதான்னு ஒரு கேள்வி இருந்துச்சே?"

"'மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறதா'ன்னு இருந்தது. அக்காவுக்கும்தான் கேக்குதே. அதான் இல்லன்னு போட்டேன்." தருமன் தரையைப் பார்த்தார். "நீங்க வெளியூரு. படிச்சவங்க. உங்களுக்குக் கேக்காதுன்னு இருந்தேன். கேக்கலன்னா இது வியாதி. வியாதின்னா மாத்திரை குடுப்பீங்க. இப்ப உங்களுக்கும் கேட்டுடுச்சி, நான் எங்க போவேன்?"

அவர் அழுதார். லீலா அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, நடக்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் பஸ் நிலையம் வரை நடந்தாள்.

வேலூரில் இந்த ஆய்வை நடத்தியவர் டாக்டர் கோபிநாத். "பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்" என்றார்.

"பக்கத்து வீட்டம்மா வாசல்ல நின்னுட்டிருந்தாங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "கேள்வியோட வார்த்தை தப்பு. அதை மாத்துங்க. நீங்க கேட்டதை மட்டும் எதுலயும் எழுத வேண்டாம்."

'மற்றவர்களுக்குக் கேட்காத' என்பதை லீலா எடுத்துவிட்டு, 'ஆள் இல்லாத இடத்திலிருந்து குரல் கேட்கிறதா' என்று மாற்றினாள். மாற்றிய தாளைப் பழைய ஆட்களிடமே மறுபடி கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த மாதம் பயத்தை அடக்கிக்கொண்டு தருமன் வீட்டுப் படியேறினாள்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. தருமன் இறங்கி வந்து தாளை வாங்கினார். கொஞ்சமும் யோசிக்காமல் 'ஆம்' என்று குறியிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேங்க. மாத்திரை குடுத்தாங்க, தூக்கம் வருது. ஆனா அவ போவல." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு நீங்க வேணாம்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம் நாள் பூரா சத்தமே இல்ல. அத்தினி நாளும் அவ கேட்டுகினே இருந்துகிறா, நாங்க பயந்துகினு பதிலே சொல்லல. இப்ப சொல்லிடறேன். சொன்னா அடங்கிடுறா."

"என்ன சொல்லுவீங்க?"

"இன்னா சொல்றது, வேல முடியட்டும் புள்ளன்னுதான்."

தாளின் கணக்குப்படி தருமன் முன்பைவிட மோசமாகியிருந்தார். எதிரில் இருந்தவரோ நன்றாகத் தூங்கி, சேலையை முடித்து, அடுத்த சேலைக்கான பாவு நூலையும் தறியில் ஏற்றியிருந்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று லீலா நேர்மையாகவே எழுதினாள். தனக்குக் கேட்டதைப் பற்றி எங்கும் எழுதவில்லை.

அதன்பின் வந்தவாசியில் வேலை. எந்த வீட்டிலும் உள்ளேயிருந்து யாராவது ஏதாவது கேட்டால் லீலா உடனே பதில் சொல்வதில்லை. எட்டிப் பார்த்து, ஆள் நிற்பது தெரிந்த பிறகே வாயைத் திறப்பாள்.