தசமியன்று நின்ற படகு

வாசுகியைப் பொறுத்தவரை தண்ணீர் என்பது குழாயில் வர வேண்டிய சமாசாரம். அப்படிப்பட்டவளுக்குப் போய்ப் படகு வாங்குகிற புருஷன் வாய்த்தால் என்ன சொல்வது? கல்கத்தா துறைமுகத்தில் மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தராஜன், மற்றவர்களைப் போல லேக்கைச் சுற்றி நடந்துவிட்டு வந்து பேப்பர் படித்திருக்கலாம். மனுஷன் கிடர்பூர்ப் பக்கம் விறகுக்குப் போக இருந்த ஒரு மரப்படகைத் தேடிப் பிடித்தார். கூரை முழுக்க சோலார் பேனல், பலகைக்கு அடியில் லித்தியம் பேட்டரி, பின்னால் ஒரு மின் மோட்டார் என்று பூட்டினார். புகை இல்லாமல், சத்தம் இல்லாமல் ஆற்றில் ஆட்களை அழைத்துப் போவதுதான் இனித் தன் வேலை என்றார்.

வாசுகியின் கனவு வேறு. பல்லாவரத்தில் அவள் தங்கை சாவித்ரி வீட்டுக்கு எதிர் ஃபிளாட் அவர்களுடையது, பூட்டிக் கிடந்தது. ஓய்வு பெற்ற மறுமாதமே பாலிகஞ்ச் வீட்டைக் காலி செய்வதாகச் சாமி படத்துக்கு முன்னால் சொன்னவர்தான் இப்போது படகோட்டி ஆகிவிட்டார். சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. விஜயதசமியன்று விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு துர்க்கை சிலைகளைக் கரைப்பதை ஆற்றிலிருந்து காட்டிவிட்டு, சொந்தச் சக்தியில் படித்துறைக்குத் திரும்பினால் படகும் கல்கத்தாவும் நிலைக்கும். திரும்பாவிட்டால் படகை விற்றுவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் தினமும் பாடம் நடந்தது. பேனலில் இருக்கிற கட்டங்கள் எல்லாம் கைகோத்து நிற்கிற வரிசையாம். ஒரு கட்டத்தில் நிழல் விழுந்தாலும் வரிசையே சோர்ந்து படுத்துவிடுமாம். காக்கா எச்சம் போதுமாம். இதைக் கேட்டுக் கேட்டு வாசுகிக்குக் காது புளித்துப்போனது. ரசத்தை ஊற்றிக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

நவமி வந்தது. ஊர் முழுக்க டாக் மேளம் அதிர, தமிழ் வீடுகளில் ஆயுத பூஜை. வாசுகி எந்த வருஷமும் அதில் குறை வைத்ததில்லை. கேஸ் அடுப்பு, மிக்ஸி, ஃபிரிட்ஜ், கோவிந்தராஜனின் மீட்டர் என்று எல்லாவற்றுக்கும் பட்டை போட்டு முடித்தாள். படகு மட்டும் என்ன பாவம் செய்தது? பிடிக்காத படகுதான், ஆனாலும் வீட்டில் சேர்ந்துவிட்ட ஆயுதம் ஆயிற்றே. லேக் மார்க்கெட்டில் வாங்கிய சந்தனத்தையும் விபூதியையும் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு போனாள். கறுப்புப் பேனலில் வெள்ளைப் பட்டை என்ன லட்சணம்! கை நின்றால்தானே. ஒவ்வொரு பேனலுக்கும் மும்மூன்று பட்டை, நடுவில் குங்குமம், குறுக்கே சாமந்தி மாலை.

ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு. மறுநாள் புனர்பூஜை முடியும்வரை ஒரு ஸ்விட்சைக்கூடத் தொடக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவருக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ஒப்பந்தத்தின் கடிவாளம் அவள் கையில் இருக்கிறதே, தலையை ஆட்டிவிட்டார். முந்தின நாள் ஒத்திகையில் பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருந்தது. நவமி வெயிலில் தானாக நிரம்பிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

தசமியன்று காலையில் கற்பூரம் காட்டியாயிற்று. போட்ட பட்டையை யாராவது துடைப்பார்களா? நம் ஊர் பஸ்களில் அது தீபாவளி வரைக்கும் இருக்கும். கோவிந்தராஜன் கூரைப் பக்கம் போகாமல், அவசரமாக வோல்டேஜை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியானார். அந்த ஜாதி பேட்டரி ஒரு நடிகன். தீர்ந்துபோகிற கடைசி நிமிஷம்வரை வோல்டேஜில் வயிறு நிறைந்த மாதிரியே காட்டும். அவருக்கும் அது தெரியும், சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

மத்தியானம், வாசுகி வங்காள வழக்கப்படி பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் கீழ் வீட்டு இந்திராணியும் அவள் கணவரும் அடுக்ககத்து பூஜா கமிட்டிக்காரர்கள் சிலரும் ஏறினார்கள். அம்மனுக்கு விடைகொடுத்துக் குங்குமம் பூசிக்கொள்ளும் சிந்தூர் விளையாட்டில் பௌதியின் முகமெல்லாம் சிவப்பு. படகு சத்தமே இல்லாமல் ஆற்றுக்குள் போயிற்று. தூரத்துக் கரையில் ஒரு துர்க்கை தண்ணீருக்குள் சாய, அடுத்த வருஷம் மறுபடியும் வருவாள் என்று கூட்டம் வங்காளத்தில் கத்தியது. டீசல் படகு என்றால் இதில் ஒன்றும் காதில் விழுந்திருக்காது என்று சொல்லிப் பௌதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசுகிக்கும் மனசு என்னவோ செய்தது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

அப்போது மோட்டார் நின்றது.

கோவிந்தராஜன் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பலகையைத் தூக்கி உள்ளே தலையை விட்டார். ஒயரைப் பிடித்து இழுத்தார், ஃபியூஸைக் கழற்றி மாட்டினார், மீட்டரைத் தட்டினார். கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு பட்பட்டி டீசல் படகுக்காரன் பக்கத்தில் வந்து, கட்டி இழுக்கக் கயிறு தரட்டுமா என்று சிரித்தான். இவர் பலகைக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. அவனும் போகவில்லை.

வாசுகி முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே தாழ்ந்து சாய்ந்த கூரை. நல்ல வெயில், அதில் பளிச்சென்று அவள் போட்ட பட்டைகள், காய்ந்து இறுகிச் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கைகோத்து நிற்கிற வரிசை, காக்கா எச்சம் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவளுக்குப் பகீரென்றது.

பகீர் அடங்கியதும் இன்னொன்று தோன்றியது. இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அந்தக் கயிறு வரும், படகு போகும், பல்லாவரம் கிடைக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, எடுத்துக் குடிக்க வேண்டியதுதான் பாக்கி. வேண்டுமென்றா செய்தாள்? பக்தியோடு செய்தது. சாமியே பார்த்து நடத்தி வைத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். கையை மடியில் வைத்துக்கொண்டு, பால்கனிக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று யோசித்தாள். சாவித்ரி பச்சைதான் சொல்வாள்.

கோவிந்தராஜன் முன்னால் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். அவர் கத்துவார், பேட்டரிக்காரனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கூரைக்கு முதுகைக் காட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"எனக்குப் புரியல வாசுகி. எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன். நீ சொன்னதுதான் சரி, மெட்ராஸ் போயிடலாம்."

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. துறைமுகத்தில் எத்தனையோ கப்பலுக்கு வெளிச்சம் கொடுத்த மனுஷன், ஏதோ பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் பட்பட்டிக்காரனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். போயும் போயும் இந்த மனுஷன்மேல் தனக்கு இத்தனை ஆசையா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"கயிறு வேண்டாம்னு சொல்லுங்க," என்று எழுந்தாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டாள். மாலையைப் பிய்த்து ஆற்றில் போட்டாள். வாளிக்கு அருகில் கிடந்த துணியை நனைத்துக் கூரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தண்ணீரென்றால் பயப்படுகிறவள் படகு விளிம்பில் நின்று தேய்க்கிறாளே என்று பௌதி ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சந்தனம் பாலாய் வழிந்தது. கடைசிப் பேனல்வரை விடாமல் தேய்த்தாள்.

உள்ளே மீட்டர் எண்கள் ஏறத் தொடங்கின. கோவிந்தராஜன் அவற்றைப் பார்த்தார், வழிகிற சந்தனத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நங்கூரம் கிடந்த கிடையில் பேட்டரிக்குக் கொஞ்சம் வெயிலை ஊட்டியபடி, பௌதி கொண்டுவந்த சந்தேஷ் இனிப்பைத் தின்றுகொண்டே காத்திருந்தார்கள். பட்பட்டிக்காரன் ஏமாந்து போய்விட்டான். பிறகு மோட்டார் முனகியது. படகு ஆமைபோலப் படித்துறையைப் பார்த்து நகர்ந்தது.

சுக்கானைப் பிடித்தபடி அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, அதைவிடச் சங்கடமான ஏதோ ஒன்று அந்தப் பார்வையில் இருந்தது.

"பட்டைதான் காரணம்னு உனக்கு எப்பவே தெரியும், இல்ல? அவ்வளவு நேரம் அங்க என்ன பண்ணிட்டிருந்த?"

வாசுகி ஈர முந்தானையைப் பிழிந்தாள்.

"மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வந்தேன்," என்றாள்.