மாஸ்டர் படத்தில் தொங்கிய விசில்

விளையாட்டு ஆசிரியர் தட்சணாமூர்த்தி மாஸ்டர் இறந்த பதினாறாம் நாள், பள்ளி மைதானத்து இரங்கல் கூட்டத்தில், பிற்பகல் மூன்றே கால் மணிக்கு, அவர் படத்தில் மாட்டியிருந்த பித்தளை விசில் தானாக ஊதியது. அப்போது தலைமையாசிரியர் சிவப்பிரகாசம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டர் தமது முப்பத்தோரு வருடப் பணியில் ஒரு மாணவனைக்கூடக் கை நீட்டி அடித்ததில்லை என்று அவர் சொல்லி முடித்த கணத்தில் ஊதியது. ஆட்டத்தை நிறுத்துகிற ஊதல். மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நின்றன. பந்தலில் இருந்த நானூறு பேரில் பழைய மாணவர்கள் எல்லோரும், மாமனார் ஆகிவிட்டவர்கள்கூட, எழுந்து கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக் காவலாளி அந்தோணிசாமி நாற்காலி போட்டு ஏறி விசிலைத் தொட்டுப் பார்த்தார். வாய்ப்பகுதி ஈரமாக இருந்தது. அதைச் சட்டையில் துடைத்துவிட்டு இறங்கி, “ஒண்ணும் இல்லீங்க சார், நீங்க பேசுங்க” என்றார்.

சிவப்பிரகாசம் பேசினார். மாஸ்டர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்றார். ஊதியது. அம்மை போட்டபோது மட்டும் பதினோரு நாள் என்று திருத்தினார். ஊதவில்லை. அவர் கணக்கு ஆசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். பேச்சை நிறுத்தி, மைக்கிலேயே, இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்லிப் பார்த்தார். விசில் அசையவில்லை. மரக்காணத்தில் கடல் இல்லை என்றார். அசையவில்லை. மாஸ்டர் ஆறடி உயரம் என்றார். ஊதியது. மாஸ்டரைப் பற்றிய பொய்க்கு மட்டுமே அது ஊதும் என்பது மூன்றரை மணிக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யாரும் எழுந்து ஓடவில்லை. நடுவர் வந்துவிட்டார், இனி ஒழுங்காக ஆடவேண்டும் என்பதுபோல, பேச இருந்தவர்கள் தங்கள் காகிதங்களை எடுத்துப் பாதி வரிகளை அடித்தார்கள்.

இதையெல்லாம் பள்ளிக் கேட்டுக்கு வெளியே நின்று சேட்டு பார்த்துக்கொண்டிருந்தான். வயது முப்பத்திரண்டு. உப்பளத்தில் கூலி வேலை. அந்தக் கேட்டைத் தாண்டி அவன் உள்ளே போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. மகள் இலக்கியாவை ஆறாம் வகுப்பில் சேர்த்தபோதுகூட மனைவி பூவிழிதான் உள்ளே போனாள், அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றான். ஊரில் அவன் பெயர் அவுட்டு சேட்டு. கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்தது, இல்லாவிட்டால் எந்தச் சேட்டு என்று யாருக்கும் தெரியாது என அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். போன மாதம் இலக்கியா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் அவளை அவுட்டு பொண்ணு என்று கூப்பிடுகிறார்களாம். அன்றிலிருந்து சேட்டுவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பந்தலில் பேச்சு வரிசையாக நடந்தது. பொய் விழுந்த இடத்தில் விசில் நிறுத்தியது, பேசியவர் திருத்தினார், மீதி நின்றது. அப்படி நின்றதை வைத்துப் பார்த்தால் மாஸ்டரின் வாழ்க்கை இதுதான். பெருமுக்கல்லில் பிறந்தார். எழுபத்து மூன்றில் ஒரு டிரங்குப் பெட்டியோடு மரக்காணம் வந்தார். ஐந்தடி நான்கு அங்குலம். காலையில் எட்டு இட்லி. நீச்சல் தெரியாது, அதை முப்பத்தோரு வருடம் கடலோரத்து ஊரில் மறைத்து வைத்திருந்தார். பிள்ளைகளை அடித்தார், அடித்த பிள்ளைக்கு மறுநாள் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மிட்டாய்க்காகவே அடி வாங்கியவர்கள் மூன்று பேர் என்று ஒருவர் சொன்னபோது ஊதியது, ஏழு பேர் என்றபோது ஊதவில்லை. தை மாதத்தில் உப்பளம் தொடங்கும்போது பாத்தித் தரையை மிதித்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பில் சேறு ஏறும். அந்த மிதிப்புக்கு மாஸ்டர் தன் கபடிப் பிள்ளைகளை அழைத்துப் போனார். நாற்பது பிள்ளைகள் தோளில் கை போட்டு, அவர் விசிலுக்கு வலது இடது என்று மிதித்தார்கள். கால் உரம் ஏறியது. அவர்கள் மிதித்த பாத்தியில் உப்பு மற்ற பாத்திகளைவிட வெள்ளையாக விளைந்தது என்று அளத்துக்காரர் ஒருவர் சொன்னார். எல்லோரும் ஊதலை எதிர்பார்த்தார்கள். ஊதவில்லை.

மாஸ்டரின் மனைவி ஆண்டாள் மைக் முன்னால் வந்து, தன்னை அவர் ஒரு வார்த்தை திட்டியதில்லை என்றார். விசில் வீறிட்டது. பந்தல் சிரித்தது. ஆண்டாள் படத்தைத் திரும்பிப் பார்த்து, “போயும் என்ன பேச வுட மாட்டீங்களா?” என்றார். பிறகு மைக்கிடம், “தெனமும் திட்டுவாருங்க. கொழம்புல உப்பு பத்தலைன்னு. உப்பளத்து ஊர்ல குடித்தனம் பண்ணிக்கிட்டு இப்பிடியான்னு” என்றார். விசில் சும்மா இருந்தது. ஆண்டாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் பூவிழி கேட்டுக்கு வந்தாள்.

“யோவ், உள்ள வா. போய்ச் சொல்லு.”

“இன்னா சொல்றது?”

“கட்டிக்கிட்ட நாள்லேருந்து என் காதக் கொடஞ்சியே, அத. இப்ப மட்டும் வாய்க்குள்ள இன்னா வச்சிருக்க?”

“ஊதிட்டா?”

“ஊதிட்டா ஊதட்டும். நானாச்சும் நிம்மதியா தூங்குவேன்.”

அவள் கண் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இலக்கியாவின் ரெட்டைச் சடை மேல் இருந்தது. சேட்டு செருப்பைக் கழற்றிக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே போனான்.

நடந்தது இதுதான். எண்பத்தொன்பது பொங்கலுக்கு இதே மைதானத்தில் கபடி இறுதி ஆட்டம். எதிரே வானூர் பையன்கள். நடுவராக வர வேண்டியவர் ஏறிய பஸ் திண்டிவனத்தைத் தாண்டி நின்றுவிட்டது. வானூர்க்காரர்களே தட்சணாமூர்த்தி மாஸ்டரை நடுவராக நிற்கச் சொன்னார்கள். அவரைப் பற்றி அப்படி ஒரு பெயர் இருந்தது. இரண்டு பக்கமும் சம புள்ளி, கடைசிப் பாட்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டு சேட்டு எதிர்ப்பக்கம் ஏறினான். பதினேழு வயது. ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கிழக்குப் பக்கம் நெருக்கினார்கள். விழுந்து, புரண்டு, நடுக்கோட்டைத் தொட்டான். ஊரே எழுந்து கத்தியது. மாஸ்டர் விசில் ஊதிக் கையை வெளியே காட்டினார். கால் வெளியே போய்விட்டது, அவுட். கேடயம் பஸ் ஏறி வானூர் போனது. சேட்டு மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு உப்பளத்துக்குப் போய்விட்டான்.

சேட்டு மைக்கைப் பிடித்தான்.

“மாஸ்டர் கை காட்டினப்போ என் காலு கோட்டுக்கு உள்ளதான் இருந்துச்சு” என்றான்.

விசில் ஊதியது.

பந்தலில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. பின்னால் எவனோ, “செத்தும் அவுட்டு குடுக்குறாருடா” என்றான். சேட்டு இலக்கியாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். பதினைந்து வருடம் தான் நம்பியது இப்படி ஒரு ஊதலில் முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. “சரிங்க மாஸ்டர். வெளியதான் போச்சு” என்றான்.

விசில் மறுபடியும் ஊதியது. முன்பைவிட வேகமாக.

சிவப்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உள்ளயும் இல்ல, வெளியயும் இல்லன்னா கால் எங்கப்பா இருந்துச்சு?”

“ஆகாசத்துல!” என்றான் பின்னாலிருந்தவன். அதற்கும் ஒரு குட்டி ஊதல் கிடைத்தது.

அப்போது அந்தோணிசாமி, பிடித்திருந்த நாற்காலியை விட்டுவிட்டு, மைக் இல்லாமலே பேசினார். “கோடு இருந்தாத்தானே சார் உள்ள வெளிய?”

அந்த வருடம் சுண்ணாம்பு மூட்டை கார்த்திகை மழையில் நனைந்து கல்லாகிப்போயிருந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் பார்த்தார்கள். மாஸ்டர், உப்பளத்து ஊரில் வெள்ளைக் கோட்டுக்கு என்ன பஞ்சம் என்று சொல்லி, பழைய அம்பாரத்திலிருந்து இரண்டு கூடை உப்பு எடுத்துவரச் சொன்னார். அந்தோணிசாமியும் அவரும் சேர்ந்து உப்பாலேயே கோடு போட்டார்கள். பார்க்க ஜோராக இருந்தது. மரக்காணத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும், தை மாதப் பனியில் கழுவாத அளத்து உப்பைத் திறந்து வைத்தால் கசிந்து போகும் என்று. அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. மறுநாள் வெயில் விழுந்த மூன்று பக்கம் கோடு ஓரளவு நின்றது. கிழக்கே, பூவரசு நிழலில், தண்ணீராகி மண்ணில் இறங்கிவிட்டது. ஜனம் நெருக்கி நின்றதில் யாரும் கவனிக்கவில்லை. “கோடு கரைஞ்சிருக்குன்னு ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே சொன்னேன் சார். மாஸ்டரு, ‘நான் நிக்கிற பக்கந்தானே, நான் பாத்துக்குறேன், வாய மூடிக்கிட்டு இரு’ன்னாரு. மூடிக்கிட்டேன்.”

நானூறு பேரும் விசிலைப் பார்த்தார்கள். அது நூலில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சேட்டு தன் இடது முழங்காலைத் தொட்டான். அன்று விழுந்ததில் தோல் உரிந்திருந்தது. இரவு வரை காந்தியது. தோற்ற அவமானம்தான் அப்படி எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

“அப்ப எதுக்குங்க அவுட்டு குடுத்தாரு?” என்று பூவிழி பந்தல் ஓரத்திலிருந்து கேட்டாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வெயில் கண்ணில் அடித்திருக்கும். ஊதியது. சேட்டு திமிர் பிடித்தவன், அடக்கி வைக்க நினைத்திருப்பார். ஊதியது. கடைசியில் ஆண்டாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சேட்டுவிடம் சொன்னார். “பயந்துட்டாருப்பா. சொந்தப் புள்ளைங்களுக்குச் சாதகமா நின்னாருன்னு பேரு வந்துடும்னு பயந்துட்டாரு.” ஊதவில்லை. “அதுக்கப்புறம் அவுரு தூங்கவே இல்ல.” ஊதியது. “சரி, நல்லாத்தான் தூங்குனாரு. ஆனா நீ சைக்கிள்ல எங்க வூட்டுப் பக்கம் போறப்பெல்லாம் வாசல்ல நிக்காம உள்ள போய் ஒக்காந்துக்குவாரு.” ஊதவில்லை.

சிவப்பிரகாசம் மைக்கை வாங்கி, ஆகவே தட்சணாமூர்த்தி அவர்கள் அன்று கொடுத்த அவுட் செல்லாது என்று அறிவித்தார். விசில் ஒத்துக்கொண்டது. கைதட்டல் அடங்க நேரமானது. இலக்கியா பெஞ்ச் மேல் ஏறி நின்று தட்டினாள். தலைமையாசிரியர் சேட்டுவின் தோளில் கை போட்டு, மாஸ்டரை மன்னித்துவிட்டதாக இரண்டு வார்த்தை சொன்னால் கூட்டத்தை நிறைவாக முடிக்கலாம் என்று காதில் சொன்னார்.

சேட்டு படத்தைப் பார்த்தான். மாஸ்டர் தொப்பி போட்டிருந்தார்.

“எனக்கு அவரு மேல கோவமே இல்ல” என்றான்.

அன்றைக்கே நீளமான ஊதல் அதுதான். பூவிழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கொஞ்சம் இருக்குது.”

ஊதியது.

சேட்டுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. “நெறையவே இருக்குதுங்க மாஸ்டர்” என்றான்.

விசில் ஊதவில்லை. ஆடிக்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது.  பிறகு அந்தோணிசாமி எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார்.

சேதி வானூருக்குப் போனதும் அங்கிருந்து கேடயத்தை பஸ்ஸில் அனுப்பிவைத்தார்கள். கோடே இல்லாத ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று எப்படிச் சொல்வது எனச் சிவப்பிரகாசம் திருப்பி அனுப்பினார். அவர்கள் மறுபடி அனுப்பினார்கள். நாலாவது தடவை கண்டக்டர் அதை ஏற்றமாட்டேன் என்றுவிட்டதால் அது மரக்காணத்தில் தங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் நியாயம் பார்த்து, ஒரு மாதத்துக்குள் அவுட்டு சேட்டு என்ற பெயரைக் கைவிட்டு, கோடில்லா சேட்டு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பழையதே தேவலாம் என்றாள் பூவிழி. இலக்கியா கபடிக்குப் பெயர் கொடுத்தாள்.

இரண்டாயிரத்து ஐந்து ஜனவரியில் மாஸ்டரின் முதல் நினைவு நாள் வந்தபோது, கடல் உள்ளே வந்து போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. வகுப்பறைகளில் கரையோரத்துக் குடும்பங்கள் தங்கியிருந்தன. போர்வை கொடுக்கக் காரில் வந்த பெரிய மனிதர் ஒருவர், விசிலோடு பள்ளிச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, நானும் மாஸ்டரிடம் படித்தவன்தான் என்றார். விசில் ஊதியது. தங்கியிருந்தவர்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்கள். அரிசி மூட்டை இறக்க வந்த சேட்டு, கூட்டம் கலைந்ததும், படத்துக்கு முன்னால் நின்று, “கொஞ்சம் இருக்குது” என்றான். ஊதியது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த மூட்டையை இறக்கப் போனான்.

இரண்டாயிரத்து ஆறில் நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அந்தோணிசாமி கேட்டைத் திறந்துவிட்டார். சேட்டு காலை ஆறரை மணிக்கே, முழங்கால் வரை சேறோடு, அளத்திலிருந்து நேராக வந்தான். படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தான். “கொஞ்சம் இருக்குதுங்க மாஸ்டர்” என்றான்.

காத்திருந்தான். ஊதவில்லை. தனக்குத்தான் காது கேட்காமல் போய்விட்டதோ என்று அந்தோணிசாமியைப் பார்த்தான். அவர் உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார்.

கோபமே இல்லை என்று அந்த வருடம் அவன் சொல்லிப் பார்க்கவில்லை. பாத்தி மிதிக்கக் கபடிப் பிள்ளைகள் வந்து நின்றிருப்பார்கள், நேரமாகியிருந்தது.